வெயிலே வராத வீட்டில் எல்ஈடி விளக்கு வைத்துக் கீரை வளர்க்க முடியுமா? சாதாரண டியூப்லைட் போதுமா, செடி வளர்க்கவென்றே விற்கும் க்ரோ லைட்தான் வேண்டுமா?

முடியும். டியூப்லைட்டே போதும். ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் வாட்டை நம்பி எதையும் வாங்கிவிடாதீர்கள். நான் காசு கொடுத்துப் பல்பு வாங்கியவள், இரண்டு அர்த்தத்திலும்.

உங்கள் பால்கனியும் பக்கத்துக் கட்டடச் சுவரைப் பார்த்துத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். எங்கள் சென்னை ஃப்ளாட்டில் கையை நீட்டினால் அடுத்த வீட்டு ஏசியைத் தொடலாம். அதனால் ஆன்லைனில் "45 வாட்" என்று போட்ட ஊதா க்ரோ லைட் ஒன்றை வரவழைத்தேன். வெந்தயம் மூன்றாம் நாளே முளைத்தது. அப்புறம் நூல் மாதிரி நீண்டு, விரல் உயரம் வந்ததும் மொத்தமும் ஒரு பக்கமாகப் படுத்துக்கொண்டது. வெளிச்சம் போதாவிட்டால் செடி அதைத் தேடி இப்படித்தான் நீளும். எதிர் பிளாக் மாமி மட்டும், "ராத்திரியில உங்க வீட்ல என்னம்மா பார் மாதிரி லைட்டு?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

சந்தேகம் வந்து ஒரு சோதனை செய்தோம். எங்கள் ஈபி மீட்டரில் 3200 இம்ப் என்று அச்சடித்திருக்கிறது. ஒரு யூனிட்டுக்கு மீட்டரில் இருக்கும் சிவப்புப் புள்ளி 3200 தடவை மினுக்கும் என்று அர்த்தம். ஃப்ரிட்ஜ், இன்வர்ட்டர் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு இந்த விளக்கை மட்டும் எரியவிட்டேன். வீட்டுக்காரர் கீழே மாடிப்படிக்கடியில் கொசுக்கடியில் நின்றுகொண்டு போனில் "ஒண்ணு…" என்றார். அடுத்த "ரெண்டு" வர இரண்டு நிமிஷம் ஆனது. உண்மையிலேயே 45 வாட் என்றால் பத்து நிமிஷத்தில் 24 மினுக்கு வரவேண்டும். வந்தது ஐந்து. கணக்குப் போட்டால் ஒன்பது வாட் சொச்சம்!

அப்புறம் தெருமுனை எலக்ட்ரிகல் கடையில் நாலடி வெள்ளை எல்ஈடி டியூப் இரண்டு வாங்கினேன், ஒவ்வொன்றும் 20 வாட், 6500 கெல்வின் (பளிச்சென்ற வெள்ளை நிறத்துக்கான எண்). சமையலறை ரேக்கில் தொட்டிக்கு அரை அடி மேலே மாட்டி, டைமர் போட்டுத் தினமும் 14 மணி நேரம் எரியவிடுகிறேன். மூன்று வாரத்தில் வெந்தயக்கீரை பறித்தேன். புதினாவும் நன்றாக வருகிறது. தக்காளிக்கு ஆசைப்பட்டேன், பூவோடு நின்றுவிட்டது. காய்க்கிற செடிக்கு இந்த வெளிச்சம் காணாது.

"செடிக்குச் சிவப்பும் நீலமும்தானே வேண்டும்?" என்று கீழே கமெண்ட்டில் யாராவது கேட்பீர்கள். இலை அவற்றை அதிகம் உறிஞ்சுகிறது, சரி. ஆனால் ஒளியின் அலைநீளக் கணக்கில் 400 முதல் 700 நானோமீட்டர் வரை எல்லா நிறமும் அதற்குப் பயன்படும், பச்சை உள்பட. வெள்ளை எல்ஈடியே நீல எல்ஈடிக்கு மேல் மஞ்சள் பாஸ்பர் என்ற ஒளிரும் பொருளைப் பூசியதுதான், அதில் எல்லா நிறமும் இருக்கிறது. நல்ல க்ரோ லைட்டே கிடையாது என்று நான் சொல்லவில்லை, சண்டைக்கு வராதீர்கள். நம் கண்ணையும் நம்பாதீர்கள். ராத்திரி ஹாலில் இருக்கும் 200 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) நமக்குப் பளிச்சென்று இருக்கும். உச்சி வெயில் ஒரு லட்சம் லக்ஸ். செடிக்கு அந்த ஹால் இருட்டறை.

இரண்டு மாத பில்லுக்கு 34 யூனிட் கூடுகிறது. "அந்தக் காசுக்குக் கீரைக்கட்டு வாங்கலாமே" என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை, வாங்கிக்கொள்ளுங்கள்.

எனக்கு இந்த விளக்கே தேவைப்பட்டிருக்காது. மொட்டை மாடியில் பதினொரு தொட்டி வைத்திருந்தேன். தளத்தில் நீர்க்கசிவு என்று அசோசியேஷனில் தீர்மானம் போட்டு எல்லாவற்றையும் இறக்கச் சொன்னார்கள். கசிந்தது தண்ணீர்த் தொட்டி! அதைப் பூசி வருஷம் ஒன்றாகிறது, என் தொட்டிகளை ஏற்றலாம் என்று ஒருவரும் சொல்லவில்லை. அங்கே இப்போது செகரட்டரி வீட்டு உடைந்த சைக்கிளும் பழைய கட்டிலும் கிடக்கின்றன. கட்டிலால் கசியாதாம்.

சரி, ஒன்றை விட்டுவிட்டேன். டியூப்பை ஆணி அடித்து மாட்டாதீர்கள், கயிற்றில் தொங்கவிடுங்கள். செடி வளர வளர ஏற்றிக்கொள்ளலாம். நான் ஆணி அடித்துத் தொலைத்துவிட்டேன், புதினா இப்போது டியூப்பில் முட்டிக்கொண்டு நிற்கிறது.