கொழும்பில் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதியும் தெருவில் நடந்த திருட்டுகளின் பதிவும்: எங்கே, எப்படிக் கேட்பது?

கேள்வி: வெள்ளவத்தையில் வாடகை வீட்டில் இருக்கிறோம். எங்கள் ஒழுங்கையில் சில மாதங்களாக அடிக்கடி திருட்டு. நான் கொடுத்த முறைப்பாட்டின் பிரதி ஒன்று வேண்டும். இந்த ஒழுங்கையில் இதுவரை எத்தனை சம்பவம் பதிவாகியிருக்கிறது என்றும் தெரிய வேண்டும். பொலிஸில் கேட்டால் தருவார்களா?

பதில்:

இது இரண்டு தனி வேலை. உங்கள் முறைப்பாட்டின் பிரதியைப் பொலிஸ் நிலையத்திலேயே நேரில் கேட்டு எடுக்கலாம். ஒழுங்கை முழுவதற்குமான விபரத்துக்குத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதிக் கொடுத்தால், இலேசாகக் கிடைக்க வேண்டியதும் சேர்ந்து இழுபடும்.

முதலில் பிரதி. ஒவ்வொரு பொலிஸ் நிலையத்திலும் முறைப்பாடுகள் தகவல் புத்தகங்களில் ஏறும். வீடு உடைத்துத் திருடுவது, கொள்ளை, வாகனத் திருட்டு போன்றவை பெருங்குற்றப் புத்தகத்தில். வாய்த்தர்க்கம், அயல்வீட்டுச் சண்டை, சிறு மிரட்டல் எல்லாம் சிறுகுற்றப் புத்தகத்தில். வீதி விபத்து என்றால் போக்குவரத்துப் பிரிவு. ஆகவே "போன மாதம் ஒரு என்ட்ரி போட்டேன்" என்று போய் நின்றால், கவுண்டரில் இருப்பவர் எந்தப் புத்தகத்தைப் புரட்டுவது? அவருக்கு வேண்டியது புத்தகத்தின் பெயர், திகதி, பக்கம், பந்தி இலக்கம். "பக்கம் 214, பந்தி 87" என்று ஒரு துண்டில் எழுதிக்கொண்டு போனால் அலுவல் சீக்கிரம் முடியும். இல்லாவிட்டால் "நாளைக்கு வாங்க" என்பதுதான் பதிலாக வரும். முறைப்பாடு கொடுக்கும் அன்றே இந்த இலக்கங்களைக் கேட்டு எழுதுங்கள். பதிவு செய்த உத்தியோகத்தரின் பதவியையும் இலக்கத்தையும் அதோடு குறித்து, அந்தத் துண்டைப் போனில் படம் எடுத்து வையுங்கள். தவறவிட்டிருந்தால் திகதியையும் கொடுத்த நேரத்தையும் முடிந்தவரை சரியாகச் சொல்லுங்கள். பதிவுகள் நேர வரிசையில் இருப்பதால் தேடிப் பிடிக்கலாம்.

போகும்போது அடையாள அட்டையின் மூலமும் ஒரு போட்டோகொப்பியும், பொறுப்பதிகாரிக்கு எழுதிய ஒரு பக்கக் கடிதமும் வேண்டும். பிரதி எதற்கு என்பதை ஒரு வரியில் எழுதுங்கள்: காப்புறுதிக்கு, அடையாள அட்டை மாற்ற, கடவுச்சீட்டு தொலைந்ததற்கு. சிங்களத்தில் "பெமிணில்லே பிட்டபத்த" என்றால் கவுண்டரில் உடனே விளங்கும். கட்டணம் கேட்டால் பற்றுச்சீட்டு வாங்குங்கள். கையில் கிடைத்ததும் வாசலைத் தாண்டுமுன் மூன்றைப் பாருங்கள்: உண்மைப் பிரதி என்ற குறிப்பும் முத்திரையும் கையொப்பமும் இருக்கிறதா, அடையாள அட்டை இலக்கம் சரியா, பெயரின் எழுத்து சரியா. தமிழ்ப் பெயர்களைச் சிங்களத்தில் எழுதும்போது எழுத்து மாறுவது சாதாரணம். அந்தப் பிழையோடு ஆட்பதிவுத் திணைக்களத்துக்கோ காப்புறுதிக் கம்பனிக்கோ போனால் திருப்பி அனுப்புவார்கள்.

எந்த நிலையம் என்பதிலும் பலர் தடுமாறுகிறார்கள். காலி வீதி ஒரே வீதிதான், ஆனால் கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை என்று அடுத்தடுத்து நிலையம் மாறும். கால்வாயைத் தாண்டினால் தெஹிவளை. சம்பவம் நடந்த இடத்தை வைத்தே நிலையம் தீர்மானமாகும், நீங்கள் குடியிருக்கும் இடத்தை வைத்து அல்ல.

இன்னும் சில குழப்பங்கள். 119க்கு அழைத்தால் ஜீப் வரலாம். ஆனால் உங்கள் பெயரில் முறைப்பாடு ஏற, நீங்கள் நிலையத்தில் வாக்குமூலம் கொடுத்திருக்க வேண்டும். பொலிஸ்மா அதிபருக்கு இணையத்தில் அனுப்பிய முறைப்பாட்டுக்குக் கிடைக்கும் இலக்கம் வேறு, நிலையப் புத்தகத்தின் இலக்கம் வேறு. வெளிநாட்டு வேலைக்கு எடுக்கும் பொலிஸ் நற்சான்றிதழுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

மொழி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிரச்சினை பெரும்பாலும் இங்கேதான் முளைக்கிறது. நீங்கள் தமிழில் சொன்னதை உத்தியோகத்தர் சிங்களத்தில் எழுதி, கையொப்பம் போடச் சொல்லுவார். 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109ஆம் பிரிவுப்படி, வாய்மூலம் சொன்னதை எழுதியபின் உங்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும். கையொப்பம் அதற்குப் பிறகுதான். களவு போன பொருளின் பெறுமதி, நேரம், சந்தேகப்பட்ட ஆளைப் பற்றிய விபரம் மூன்றையும் திரும்பச் சொல்லச் சொல்லுங்கள். "இரவு 8" என்பது "காலை 8" ஆகிவிட்டால் பிறகு பிரதியில் திருத்த வழியில்லை, மேலதிக வாக்குமூலம்தான் கொடுக்க வேண்டும். பிரதியைப் பொறுத்தவரை, அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உங்கள் பக்கம் இருக்கிறது: சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பகுதியிலும் உத்தியோகத்தரோடு தமிழில் தொடர்புகொண்டு தமிழிலேயே பதில் பெறலாம். பிரதி பெறும் உரிமையைச் சட்டம் தந்திருக்கும் பதிவுகளுக்கு மொழிபெயர்ப்பையும் கேட்கலாம். அவசரம் என்றால் சிங்களப் பிரதியை எடுத்து, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடம் கொடுப்பதுதான் விரைவான வழி. வெளிநாட்டுத் தூதரகங்களுக்கு எப்படியும் அது வேண்டிவரும்.

இனி ஒழுங்கை விபரம். தெருவாரியாகச் சம்பவங்களை இணையத்தில் பார்க்கும் வசதி இங்கே இல்லை. பொலிஸ் இணையதளத்தில் ஆண்டுவாரியாகப் பெருங்குற்றப் புள்ளிவிபரம் இருக்கிறது, ஆனால் அது பொலிஸ் பிரிவு மட்டத்தில்தான். ஒரு ஒழுங்கைக்கு அது உதவாது. ஆகவே 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம். விண்ணப்பிக்கக் கட்டணம் இல்லை, காரணம் சொல்லத் தேவையில்லை. நிலையத்திலோ பிரிவு அலுவலகத்திலோ தகவல் அலுவலர் யார் என்று கேளுங்கள். யாருக்கும் தெரியாவிட்டால் கொழும்பு 01, பொலிஸ் தலைமையகத்தின் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, தபால் ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

எப்படிக் கேட்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. "எங்கள் ஒழுங்கையில் ஏன் திருடனைப் பிடிக்கவில்லை?" என்பது தகவல் கோரிக்கை அல்ல. சட்டத்தின் கீழ் கிடைப்பது ஏற்கனவே பதிவில் இருப்பது மட்டும். இப்படி எழுதிப் பாருங்கள்:

"வெள்ளவத்தைப் பொலிஸ் பிரதேசத்தில், (ஒழுங்கையின் பெயர்) என்ற இடத்தில், 2025 ஜனவரி 1 முதல் ஜூன் 30 வரை நடந்ததாகப் பதிவான வீடுடைப்பு, திருட்டு, வாகனத் திருட்டு முறைப்பாடுகள் ஒவ்வொன்றுக்கும்: பதிவான திகதி, சம்பவ நேரம், குற்ற வகை, நீதவான் நீதிமன்றத்துக்கு அறிக்கை சமர்ப்பிக்கப்பட்டதா என்ற விபரம். முறைப்பாட்டாளர், சந்தேகநபர் ஆகியோரின் பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம் தேவையில்லை."

அந்தக் கடைசி வசனத்தை விட்டுவிடாதீர்கள். 5ஆம் பிரிவில் மறுப்பதற்கான காரணங்கள் இருக்கின்றன. தனிப்பட்ட விபரம் என்பது அதில் முதலாவது. பெயர் வேண்டாம் என்று நீங்களே எழுதினால் அந்தக் கதவு மூடிவிடும். அடுத்து வருவது "விசாரணை நடக்கிறது". சட்டத்தில் இருப்பது குற்றத் தடுப்புக்கோ கண்டுபிடிப்புக்கோ வழக்குத் தொடர்வதற்கோ பாரதூரமான பாதிப்பு வரும் என்றால் மறுக்கலாம் என்பதுதான். விசாரணை நடக்கிறது என்ற ஒரு சொல் அதற்குப் போதாது, திகதியும் குற்ற வகையும் வெளிவருவதால் என்ன பாதிப்பு என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் கேட்காதீர்கள். பக்கங்கள் கூடினால், தருவதாக முடிவு எடுத்தபின் 14 நாளுக்குள் தர வேண்டியதை இன்னும் 21 நாள் வரை நீட்டிக்கச் சட்டமே இடம் கொடுக்கிறது.

விண்ணப்பம் கிடைத்ததும் தகவல் அலுவலர் ஒப்புகை தர வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்ற முடிவு வர வேண்டும். மறுத்தால் எந்தப் பிரிவின் கீழ் என்று எழுத்தில் தர வேண்டும். பதிலே வராவிட்டால் அதையும் மேன்முறையீட்டுக்குக் காரணமாக்கலாம். 14 நாளுக்குள் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு (மேன்முறையீட்டை விசாரிக்க அதே நிறுவனத்தில் இருப்பவர்) மேன்முறையீடு, அவர் முடிவு சொல்ல மூன்று வாரம். அதிலும் திருப்தி இல்லை என்றால் இரண்டு மாதத்துக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு. பலர் முதல் மேன்முறையீட்டுக்கான 14 நாளைத்தான் தவறவிடுகிறார்கள், நிலையத்துக்கு நடையாய் நடந்து கேட்டுக்கொண்டே இருந்து. நாட்காட்டியில் குறித்து வையுங்கள்.

உங்கள்மேல் வேறொருவர் கொடுத்த முறைப்பாட்டின் பிரதி வேண்டும் என்றால் அது வேறு கணக்கு. வழக்கு நீதிமன்றத்துக்குப் போயிருந்தால், பொலிஸார் நீதிமன்றத்துக்குக் கொடுத்த பி அறிக்கையின் பிரதியைச் சட்டத்தரணி மூலம் நீதிமன்றப் பதிவகத்தில் எடுப்பதுதான் சுருக்கமான வழி. வெளிநாட்டில் இருக்கும் உறவினர் கேட்டால் இன்னொன்றைக் கவனியுங்கள்: தகவலறியும் உரிமைச் சட்டம் இலங்கைப் பிரஜைகளுக்குத்தான். குடியுரிமையை விட்டவர், இரட்டைக் குடியுரிமையும் எடுக்காதவர் என்றால் தன் பெயரில் விண்ணப்பிக்க முடியாது, இங்குள்ளவர் விண்ணப்பிக்க வேண்டும்.

பழைய முறைப்பாட்டுக்கு "அந்தப் புத்தகம் இப்ப இல்லை" என்று சொன்னால் வாய்ப்பேச்சோடு திரும்பி வராதீர்கள். தகவலறியும் உரிமைச் சட்டத்தின் 7ஆம் பிரிவுப்படி, அது நடைமுறைக்கு வந்தபோது இருந்த பதிவுகளை அன்றிலிருந்து குறைந்தது 10 ஆண்டும், அதற்குப் பிறகு உருவான பதிவுகளை உருவான நாளிலிருந்து குறைந்தது 12 ஆண்டும் வைத்திருக்க வேண்டும். தகவல் கோரிக்கை ஒன்று நிலுவையில் இருக்கும்போது அந்தப் பதிவை அழிக்கவும் கூடாது. ஆகவே பதிவு இல்லை என்ற பதிலை, எப்போது எந்த உத்தரவின் பேரில் அழிக்கப்பட்டது என்ற விபரத்தோடு எழுத்தில் கேளுங்கள். அப்படிக் கேட்டபிறகு இன்னொரு தடவை தேடிப் பார்ப்பார்கள்.