மிகுபுனைவும் யதார்த்தக் கதையும்: கேள்வி பதில்

கொக்குவில் மாணவி ஒருவர்: மாயமும் மந்திரமும் கொண்ட மிகுபுனைவு எழுதுவதா, யதார்த்தக் கதை எழுதுவதா எளிது?

யதார்த்தக் கதையில் ‘கிணற்றடி’ என்று எழுதினால், துலாவையும் தொட்டியையும் வாசகரே சேர்த்துக்கொள்வார். இல்லாத நாட்டில் கிணறு வைத்தால், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பது முதல் எல்லாவற்றையும் நீங்களே ஏற்படுத்த வேண்டும் என்பதால், மிகுபுனைவே கடினம். எனக்கு வரும் கதைகளிலோ பனிமலைகளும் பெருநதிகளும்தான் நிறைந்திருக்கின்றன. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லாத நம் யாழ்ப்பாணக் குடாநாட்டில், மழைநீர் சுண்ணாம்புக்கல்லினூடே இறங்கி உவர்நீருக்கு மேல் தங்குகிறது. மிஞ்சி இறைத்தால் உவர் மேலேறிவிடும். நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பதை அறிவீர்கள். உங்கள் மந்திரவாதி இறைக்கும் ஒவ்வொரு வாளிக்கும் அயலூர்க் கிணறு ஒன்று உவர்க்கும் என்று விதி வையுங்கள். நாடும் பகையும் அதிலிருந்தே பிறக்கும். மந்திரத்துக்கு விலை வைக்காமல் எழுதத் தொடங்காதீர்கள்.

சாவகச்சேரி வாசகர்: என் நாயகனுக்கு எல்லாச் சக்திகளும் உண்டு, ஆனால் கதை நகரவில்லை.

விலை வைக்கவில்லை. மேலே பார்க்கவும்.

பருத்தித்துறையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்: இவ்வளவு இழப்பைக் கண்ட மண்ணில் மிகுபுனைவு எழுதுவது பொறுப்பைத் தட்டிக்கழிப்பதல்லவா?

ஐயா, குதிரைமுகம் கொண்ட மாருதப்புரவீகவல்லி கீரிமலையில் நீராடி நலம்பெற்று மாவிட்டபுரத்தில் கோயில் எழுப்பிய கதையைச் சொல்லிக்கொண்டே, அதே கேணியில் ஆடி அமாவாசைக்குப் பிதிர்க்கடன் கழித்தவர்கள் நம் முன்னோர். அவர்கள் எந்தப் பொறுப்பையும் தட்டிக்கழிக்கவில்லை. மறுபுறம், 1990களின் பொருளாதாரத் தடையில் சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டதையும், மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியதையும் எழுதினால், இன்றைய பிள்ளைகள் அதைத்தான் கற்பனை என்கிறார்கள். நடந்ததையும் நம்பவைத்தாக வேண்டியிருக்கிறது. ஆயினும் உங்கள் கோபத்தில் ஒரு பாதி நியாயமானது. கொன்றவனை அரக்கனாக்கிவிட்டால், கட்டளையிட்டவனும் துவக்கை ஏந்தியவனும் மனிதர்கள் என்பது மறைந்து, இருவரும் தப்பிவிடுகிறார்கள். இத்தகைய கதைகளை நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

அதே ஆசிரியர்: அப்படியானால் யாழ்ப்பாண மக்கள் போரால் ஊரைவிட்டு வெளியேறிய 1995 இடப்பெயர்வை மிகுபுனைவாக எழுதலாகாது என்கிறீர்களா?

எழுதலாம். மக்கள் புறப்பட்ட ஒக்டோபர் 30 ஐயும் அவர்கள் கடந்த நாவற்குழிப் பாலத்தையும் மாற்றாதீர்கள். அங்கே நடந்தவர்கள் பலர் இன்றும் நம்மிடையே வாழ்கிறார்கள். அந்த நெரிசலுக்கு மேலே இறக்கை முளைத்த குதிரையொன்றைப் பறக்கவிட விரும்பினால், அது யாரை ஏற்றிக்கொண்டது, யாரைப் பாலத்திலேயே விட்டுச் சென்றது, ஏறியவர் பிறகு எப்படி உறங்கினார் என்பதையும் எழுதுங்கள்.

மானிப்பாய் வாசகர்: இரண்டில் எது எளிது?

முதற் பதிலை வாசியுங்கள்.

சுன்னாகம் மாணவர்: இரண்டையும் கலந்து எழுதி, இறுதியில் நாயகன் கனவிலிருந்து விழித்தான் என்று முடிக்கலாமா?

கூடாது. அவன் விழித்தவுடன் விலை அனைத்தும் தள்ளுபடியாகிவிடும்.