கூடையில இருந்து கூரைக்கு இறங்கலாமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வணக்கம் அண்ணா. எங்க கோயில் ஹால் கூரை ஒழுகுது, ஐபிஆர்னு சொல்ற பட்டை பட்டையா மடிச்ச தகர ஷீட் போட்டது, தைப்பூச காவடிக்கு முன்னாடி சரி பண்ணிடணும்னு கமிட்டியில முடிவாச்சு. ஏணி வேணாம், பூம் லிஃப்ட் (நீளமான கை முனையில ஆள் நிக்கற கூடை வச்ச மெஷின்) வாடகைக்கு எடுப்போம், ஆளுங்க கூடையில மேல போயி அப்படியே கூரையில இறங்கிக்கலாம், பெல்ட்டோட கயிறு கூடையிலயே மாட்டி இருக்கட்டும்னு கான்ட்ராக்டர் சொல்றாரு. இது சரியா? (கமிட்டி உறுப்பினர் ஒருத்தர், சாட்ஸ்வர்த்)

பதில்: தம்பி, ஏணி வேணாம்னு நெனச்சது நல்ல முடிவு, ஆனா கடைசியா சொன்னீங்களே கயிறு கூடையிலயே இருக்கட்டும்னு, அதுக்கு மட்டும் ஒத்துக்காதீங்க. பூம் லிஃப்ட் கூடைங்கறது உள்ள நின்னு வேலை பார்க்கறதுக்கு செஞ்சது. அதுல இருக்கற கொக்கி உள்ள நிக்கற ஆள் வெளிய போகாம பிடிச்சு வைக்கத்தான், கூரையில நடந்துட்டு இருக்கறவன் விளிம்புல விழுந்தா கூடையை பக்கவாட்டுல இழுப்பான், அந்த இழுப்புக்கு பல மெஷின் கணக்குலயே இல்ல, மெஷினே சாயலாம். இன்னொண்ணு, ஆள் கூரையில கட்டியிருக்கறப்போ யாராவது கன்ட்ரோல தொட்டாலோ கூடை தானா கொஞ்சம் இறங்கினாலோ அவன் இழுபட்டு போவான்.

இறங்கற அந்த ஒரு நிமிஷம்தான் ரொம்ப மோசம். ஒரு ஆள் கால வெளிய வச்சதும் கூடையில 80, 90 கிலோ குறையுது, நீட்டி வச்ச பூம் சட்டுனு மேல எழும்பும், ஒரு கால் கூடையில ஒரு கால் ஷீட்டுல இருக்கறவன் நிலைமை என்னன்னு யோசிச்சு பாருங்க. அதனால கூடையில நின்னே முடிக்கக்கூடிய வேலைய, ஸ்க்ரூ மாத்தறது, விளிம்புல சீலன்ட் போடறது, மழைத்தண்ணி ஓடற பீலி சரி பண்றது எல்லாம் கூடையில இருந்தே முடிச்சிடுங்க. நடு கூரைக்கு போயே ஆகணும், நாள் பூரா ஏறி இறங்கணும்னா படிக்கட்டு வச்ச சாரம் கட்டி விளிம்புல தடுப்பு போடறதுதான் என் கருத்துல சரி, செலவு கூடும், கமிட்டியில சண்டையும் வரும், பரவால்ல.

வேற வழியே இல்லாம கூடையில இருந்துதான் இறங்கணும்னா மொதல்ல அந்த மெஷினோட மேனுவல் அதுக்கு அனுமதிக்குதான்னு வாடகைக்கு விடறவங்ககிட்ட எழுத்துல வாங்குங்க. ரெண்டு கயிறு வச்ச ஹார்னெஸ், அதாவது உடம்ப சுத்தி கட்டற பெல்ட் வேணும், ஒரு கயிற கூரையில உறுதியான ஆங்கர்ல (கயிறு மாட்டற பிடிமானம்) மாட்டின பிறகுதான் கூடையில இருக்கற கயிற கழட்டணும், திரும்பி வர்றப்போ மொதல்ல கூடையில மாட்டிட்டு அப்புறம்தான் ஆங்கர்ல இருந்து கழட்டணும். ஆங்கர் எங்கன்னு விஷயம் தெரிஞ்சவர் முன்கூட்டியே முடிவு பண்ணியிருக்கணும், பீலியிலயோ குழாயிலயோ மாட்டறது ஆங்கர் இல்ல. கதவு வழியா இறங்கணும், கம்பிய தாண்டி குதிக்கக்கூடாது, கூடைய கூரை மேல உக்கார வைக்கவும் கூடாது. நம்ம தென்னாப்பிரிக்காவோட 2014 கட்டுமான விதிகள்ல விழாம தடுக்கற திட்டம் எழுத்துல இருக்கணும்னும், விழுந்தவன எப்படி மீட்கறதுன்னு அதுலயே இருக்கணும்னும் இருக்கு. வேலைய கொடுக்கற கமிட்டிக்கும் அதே விதிகள்ல பொறுப்பு உண்டு, கான்ட்ராக்டர் பார்த்துக்குவாருன்னு விட்டுட முடியாது. அந்த பேப்பர கேட்டு வாங்கி படிச்சு பாருங்க.

கேள்வி: என் வீட்டுக்காரர் சோலார் பேனல் போடற வேலை பாக்கறாரு. சிசர் லிஃப்ட்ல (கத்தரி மாதிரி விரிஞ்சு மேடைய நேரா மேல தூக்கற மெஷின்) பெல்ட் வேணாம்னு சொல்றாங்களாம், உண்மையா? (ஒரு வாசகி, ஃபீனிக்ஸ்)

பதில்: அக்கா, பொதுவா சிசர் லிஃப்ட்ல சுத்தி இருக்கற கம்பியே பாதுகாப்பு, மேனுவலோ சைட் ரூலோ கேட்டா பெல்ட் போடணும். பூம் லிஃப்ட்னா பேச்சே இல்ல, கட்டாயம் போடணும், சக்கரம் ஒரு சின்ன பள்ளத்துல இறங்கினா போதும், மேல கூடை உதறி ஆள வெளிய வீசிடும், அதனால கயிறும் குட்டையா இருக்கணும். ஆனா எனக்கு உங்க வீட்டுக்காரர் விஷயத்துல பெரிய பயம் காத்துதான். வெளிய ஓட்டற நிறைய மெஷின்ல வினாடிக்கு 12.5 மீட்டர், அதாவது மணிக்கு 45 கிலோமீட்டர் காத்து வரைக்கும்தான்னு தகட்டுல போட்டிருக்கும், சில சிசர் லிஃப்ட் உள்ள மட்டும் ஓட்டறது, அதுக்கு காத்தே ஆகாது. பேனல கம்பி மேல நிமித்தி வச்சுட்டு போனா அது பாய்மரம் மாதிரி காத்த வாங்கும். டர்பன்ல தென்மேற்கு காத்து எப்படி திடீர்னு திரும்பும்னு உங்களுக்கே தெரியும், கீழ லேசா இருக்கறப்பவே மேல பலமா இருக்கும். கம்பி மேல ஏறி நிக்கறது, உள்ள ஏணி, பெட்டி போட்டு எட்டறது ரெண்டும் வேணவே வேணாம்னு சொல்லுங்க.

கேள்வி: அப்பா காலத்து கவுன்சில் வீடு, ஆஸ்பெஸ்டாஸ் கூரை. லிஃப்ட்ல போனா கழுவி பெயின்ட் அடிக்கலாமா? (ஒரு வாசகர், பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

பதில்: ஷீட் மேல கால் வைக்காதீங்க, பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் ஆள் கனத்துக்கு சொல்லாம கொள்ளாம உடையும். வெளிச்சத்துக்கு போட்ட பிளாஸ்டிக் ஷீட்டும் அப்படித்தான், அழுக்கு படிஞ்சா பக்கத்து ஷீட்டுக்கும் அதுக்கும் வித்தியாசமே தெரியாது. பிரஷர் வாஷ் பண்ணா ஷீட்டுல இருக்கற ஆஸ்பெஸ்டாஸ் நார் காத்துல பறந்து பக்கத்து வீடு வரைக்கும் போகும். 2020 ஆஸ்பெஸ்டாஸ் விதிகள் வந்திருக்கு, கழட்டறதுன்னா பதிவு பண்ண கான்ட்ராக்டர்தான் கழட்டணும். லிஃப்ட் இருக்குங்கறதால இதுல எதுவும் மாறாது.

கேள்வி: லிஃப்ட் வாடகைக்கு எடுக்கறப்போ என்ன பாக்கணும்? (ஒரு வாசகர், டோங்காட்)

பதில்: கடைசியா எப்போ டெஸ்ட் பண்ணாங்கன்னு சர்டிஃபிகேட் கேளுங்க, 12 மாசத்துக்கு மேல ஆகியிருக்கக்கூடாது. ஓட்டறவருக்கு அந்த வகை மெஷினுக்கே ட்ரெயினிங் இருக்கணும், சிசர் ஓட்டினவர் பூம் ஓட்டிடுவாருன்னு இல்ல. வீட்டு முற்றத்துல செப்டிக் டேங்க், கால்வாய் மூடி எங்க இருக்குன்னு நீங்களே காட்டிடுங்க, வெளிய இருந்து வர்றவங்களுக்கு அது தெரியாது. மின்சார ஒயர் பக்கத்துல ஓடுதுன்னா வேலைய தொடங்கறதுக்கு முன்னாடியே முனிசிபாலிட்டிகிட்ட பேசுங்க. கீழ ஒருத்தர் வேலை முடியற வரைக்கும் நிக்கணும், மேல ஆள் மயங்கினா கீழ் கன்ட்ரோல்ல இருந்து கூடைய இறக்க அவருக்கு தெரிஞ்சிருக்கணும், மெஷின் வந்ததும் ஏத்தறதுக்கு முன்னாடியே அத ஒரு தடவை செஞ்சு காட்ட சொல்லுங்க.