நானும் மனைவியும் சொந்தக் காரில் மூன்று நாள் மலைப்பாதைப் பயணம் போக நினைக்கிறோம். ஊட்டி, கொடைக்கானல் கூட்டம் வேண்டாம். கோவையிலிருந்து எந்த வழி நல்லது, எப்படித் தயாராவது?

பொள்ளாச்சி, ஆழியாறு வழியாக வால்பாறை ஏறுங்கள். இரண்டு இரவு அங்கேயே தங்குங்கள். மூன்றாம் நாள் மளுக்கப்பாறை, வாழச்சால், அதிரப்பள்ளி வழியாகச் சாலக்குடியில் இறங்கி, திருச்சூர், பாலக்காடு வழியே கோவை திரும்பலாம். மொத்தச் சுற்று சுமார் 360 கி.மீ. மூன்று நாளைக்கு இது குறைவு என்று தோன்றும். அந்த எண்ணத்தில்தான் பலர் மூணாறையும் சேர்த்துக்கொண்டு, மூன்று நாளும் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து, இருட்டில் மலை இறங்குகிறார்கள். மலையில் கிலோமீட்டரைக் கணக்கிடாதீர்கள், வெளிச்சத்தைக் கணக்கிடுங்கள். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை 65 கி.மீ.தான். நின்று பார்த்துப் போனால் மூன்றரை, நான்கு மணி நேரம் ஆகிவிடும்.

முதலில் இ-பாஸ். 2025 நவம்பர் 1 முதல் வால்பாறைக்கும் இது கட்டாயம். தமிழக அரசின் இ-பாஸ் தளத்தில் கைபேசி எண், வண்டி எண், தேதி, தங்கும் இடம் கொடுத்து வீட்டிலேயே எடுத்துவிடுங்கள். சோதனைச் சாவடியில் நின்றுகொண்டு சிக்னல் தேடுவது வீண் வேலை. ஆர்.சி., காப்பீடு, புகைச் சான்று, உரிமம் நான்கும் டிஜிலாக்கரில் இருந்தால் செல்லும். ஆனாலும் நகல் ஒன்று டாஷ்போர்டில் இருக்கட்டும். தங்கும் விடுதியில் இருவருடைய அடையாள அட்டையையும் கேட்பார்கள். தண்ணீருக்கு எவர்சில்வர் பாட்டில்தான். பிளாஸ்டிக் பாட்டிலும் பையும் இரு மாநிலச் சாவடிகளிலும் தொல்லை தரும்.

எப்போது போவது? டிசம்பர், ஜனவரி. காலையில் மூடுபனி, பகலில் தெளிந்த வானம், சாலை காய்ந்திருக்கும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை இங்கே வெளுத்து வாங்கும். சின்னக்கல்லாறு தமிழகத்திலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. அந்த மாதங்களில் பச்சைக்குக் குறைவில்லை, மண்சரிவுக்கும் குறைவில்லை. மலைப்பாதையில் ஓட்டிப் பழகாதவர் அப்போது வேண்டாம். பிப்ரவரிக்கு மேல் அதிரப்பள்ளியில் தண்ணீர் குறையத் தொடங்கும்.

இனி வண்டி. கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே பாருங்கள், முந்தின நாள் அல்ல. முதலில் பார்க்க வேண்டியது பிரேக் ஆயில், ஏனென்றால் அதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பின் அந்தக் குறைந்தபட்ச அளவு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறி ஆயில் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி உண்டாகும். ஆவி நசுங்குமே தவிர அழுத்தத்தைக் கடத்தாது. அப்போது பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. மாற்றி இரண்டு ஆண்டு ஆகியிருந்தால் மாற்றிவிட்டே கிளம்புங்கள். பிரேக் பேடின் தடிமனையும் அதே கையோடு பார்க்கச் சொல்லுங்கள்.

டயர் பட்டன் ஆழம் சட்டப்படி 1.6 மி.மீ. இருந்தால் போதும். மழை நனைத்த மலைச் சாலைக்கு 3 மி.மீ.க்குக் குறையாமல் இருப்பது நல்லது. காற்றை டயர் குளிர்ந்திருக்கும்போது கம்பெனி சொன்ன அளவுக்கு அடித்தால் சரி. மலைக்கென்று குறைக்கவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா என்பதையும் பாருங்கள். கனமான பெட்டிகளை டிக்கியில் பின்சீட்டை ஒட்டித் தாழ்வாக வையுங்கள். பெரும்பாலான சிறு கார்களுக்கு முன்சக்கரம்தான் இழுவை. ஏற்றத்தில் பாரம் பின்னால் சாயும்போது முன்சக்கரத்தின் பிடி குறையும். டிக்கியின் கடைக்கோடியில் கனத்தை வைத்தால் இன்னும் குறையும்.

முதல் நாள் காலை ஆறு மணிக்குக் கோவையை விட்டால், பொள்ளாச்சியில் சிற்றுண்டி முடித்து ஒன்பது மணிக்குள் ஆழியாறு சாவடியைத் தாண்டிவிடலாம். டேங்கைப் பொள்ளாச்சியிலேயே நிரப்புங்கள். தலைசுற்றல் உள்ளவர் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்வது நல்லது, பூரியும் வடையும் பத்தாவது வளைவில் வேலையைக் காட்டும். முன்சீட்டில் உட்கார்ந்து தூரத்தைப் பார்க்க வேண்டும், கைபேசியைக் குனிந்து பார்க்கக் கூடாது. அவோமின் மாத்திரை போடுவதாக இருந்தால் மலை ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும், குமட்டல் வந்த பின் போட்டுப் பயனில்லை. அது தூக்கம் வரவழைக்கும், ஆகவே ஓட்டுபவர் தொடக் கூடாது. ஓட்டுபவருக்குப் பெரும்பாலும் குமட்டாது. வளைவு எந்தப் பக்கம் என்று உடம்புக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. இருவருக்கும் ஓட்டத் தெரியுமென்றால் குமட்டுபவரிடம் ஸ்டியரிங்கைக் கொடுப்பதே நல்ல மருந்து.

ஆழியாற்றிலிருந்து வால்பாறை வரை 40 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் பலகை உண்டு. தொடக்கத்து வளைவுகள் வெட்டவெளிப் பாறைச் சரிவில் இருப்பதால் மேலடுக்குச் சாலை கண்ணுக்குத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு இதுதான் வேலை: தலையைத் தூக்கிப் பார்த்து "மேலே பஸ் வருது" என்று சொல்வது. ஓட்டுபவரால் அதைப் பார்க்க முடியாது.

பஸ் வருகிறதென்றால் வளைவுக்குப் பத்துப் பதினைந்து மீட்டர் முன்பே இடது ஓரமாக நின்றுவிடுங்கள். ஏறும் வண்டிக்கு முன்னுரிமை என்பது விதி, உண்மைதான். ஆனால் பஸ் திரும்ப வளைவின் முழு அகலமும் வேண்டும். பின்சக்கரம் உள்பக்கமாக வெட்டும், பின்பகுதி வெளிப்பக்கம் வீசும். விதியைக் காட்டி வளைவுக்குள் மூக்கை நுழைத்தால் இரண்டு வண்டியும் மாட்டிக்கொள்ளும்.

வளைவில் ஏறும் முறை இது. வளைவுக்கு முன்பே இரண்டாம் கியருக்கோ முதல் கியருக்கோ வந்துவிடுங்கள், நடுவில் மாற்றாதீர்கள். ஹாரன் அடியுங்கள். இடது கை வளைவில் உள்விளிம்புதான் மிகச் செங்குத்து, அதை ஒட்டிப் போனால் சக்கரம் சுழலும், வண்டி திணறும். சற்றே விலகித் திரும்புங்கள், எதிர்த் தடத்துக்குள் போகாமல். ஏற்றத்தில் நிற்க நேர்ந்தால் ஹேண்ட் பிரேக்கில் நிற்க வேண்டும். கிளட்சைப் பாதி அழுத்தி வண்டியைத் தாங்கி நிற்பது பலருடைய பழக்கம். கிளட்ச் பிளேட் கருகும் நாற்றம் வருவது அதனால்தான், இரண்டு நிமிடமே போதும். கிளட்ச் பெடல் இல்லாமல் தானே கியர் மாற்றும் ஏ.எம்.டி. வண்டிக்காரர்களுக்கும் இது பொருந்தும். உள்ளே இருப்பது அதே கிளட்ச், அழுத்துவது மட்டும் இயந்திரம். ஆக்சிலேட்டரை மிதித்து ஏற்றத்தில் நிறுத்தி வைக்காதீர்கள், மேனுவல் நிலைக்கு மாற்றி கியரை நீங்களே தேர்ந்தெடுங்கள். சூடு முள் ஏறினால் ஏ.சி.யை அணைத்து ஹீட்டரைப் போடுங்கள், எஞ்சின் சூடு கொஞ்சம் அதன் வழியே வெளியேறும். ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்கவே கூடாது.

ஒன்பதாவது வளைவில் லோம்ஸ் வியூ. ஆழியாறு நீர்த்தேக்கம் முழுதும் கீழே விரியும். இந்தச் சுற்று வட்டாரத்தில் வரையாடுகள் சாலையோரத் தடுப்புச்சுவர் மேலேயே நிற்கும். படம் எடுங்கள், பிஸ்கட் நீட்டாதீர்கள். அட்டகட்டி தாண்டினால் சோலைக்காடு, பிறகு தேயிலை. கவர்க்கல் பகுதியில் பகலிலேயே பனி இறங்கும். அங்கே ஹெட்லைட்டை டிம்மில் வையுங்கள். பிரைட்டில் போட்டால் ஒளி பனியில் பட்டுத் திரும்பி உங்கள் கண்ணையே மறைக்கும். நான்கு இண்டிகேட்டரையும் எரியவிட்டபடி ஓட்டுவது நம்மூர் வழக்கமாகிவிட்டது. எந்தப் பக்கம் திரும்பப் போகிறீர்கள் என்பது பின்னால் வருபவருக்குத் தெரியாமல் போவதுதான் அதன் பலன். அது நிற்கும் வண்டிக்கான விளக்கு.

வால்பாறையில் முழுதாக ஒரு நாள் இருக்கிறது. காலையில் புதுத்தோட்டம் பக்கம் சிங்கவால் குரங்குகளைப் பார்க்கலாம். அவை சாலை கடக்க மரத்துக்கு மரம் தொங்குபாலம் கட்டியிருக்கிறார்கள், அந்த இடங்களில் வேகத்தைக் குறையுங்கள். நல்லமுடி பூஞ்சோலைக்கு மதியத்துக்கு முன் போனால்தான் ஆனைமுடிப் பக்கத்து மலைத்தொடர் தெரியும், பிறகு மேகம் மூடிவிடும். எல்லாக் காட்சிமுனைகளையும் ஓடி ஓடிப் பார்ப்பதில் அர்த்தமில்லை, எல்லா இடத்திலும் அதே தேயிலைதான். சோலையாறு அணைப் பக்கம் போகும் சாலையில் மெதுவாக ஓட்டுவதே தனி இன்பம். கூழாங்கல் ஆற்றில் காலை நனைப்பதோடு நிறுத்துங்கள். 2023 அக்டோபரில் சோலையாறு எஸ்டேட் அருகே ஆற்றில் இறங்கிய ஐந்து கல்லூரி மாணவர்கள் உயிரிழந்தார்கள். பார்வைக்கு ஆழமில்லாத நீர்தான், அடியில் குழியும் வழுக்குப் பாறையும். மழைக்காலத்தில் தேயிலைக்குள் இறங்கினால் அட்டை ஏறும். பிய்த்து இழுக்காமல் நகத்தால் வாய்ப்பக்கத்தை நெம்பி எடுங்கள், அல்லது உப்பு வையுங்கள்.

இருட்டுவதற்குள் அறைக்கு வந்துவிட வேண்டும். யானையும் சிறுத்தையும் எஸ்டேட் சாலைகளில் நடமாடும் நேரம் அது. உயரமான இடங்களில் சிவப்பு விளக்குகள் வைத்திருக்கிறார்கள். எரிந்தால் ஒரு கிலோமீட்டர் சுற்றுக்குள் யானை இருக்கிறது என்று பொருள். அந்தத் திசைக்குப் போகாதீர்கள்.

மூன்றாம் நாள் சாலைதான் இந்தப் பயணத்தின் உச்சம், கவனம் மிகுதியாக வேண்டியதும் அதுவே. மளுக்கப்பாறையிலிருந்து வாழச்சால் வரை அடர்காடு. பெட்ரோல் பங்க் இல்லை, சிக்னல் இல்லை, பல இடங்களில் ஒரு வண்டி அகலம்தான். சாவடியில் வண்டி எண், ஆட்கள் எண்ணிக்கை, நேரம் எல்லாவற்றையும் பதிவு செய்வார்கள். மறுமுனைச் சாவடியில் நேரத்தை ஒப்பிடுவார்கள். நடுக்காட்டில் இறங்கி நின்றால் கேள்வி வரும். மதுபாட்டில் இருந்தால் அதுவும் சிக்கல். காலை எட்டு, ஒன்பது மணிக்குள் மளுக்கப்பாறை சாவடிக்கு வந்துவிடுங்கள். மழையாலோ யானையாலோ சாலையை மூடியிருந்தால் வால்பாறைக்கே திரும்பி, 40 வளைவையும் இறங்கிப் பகலிலேயே பொள்ளாச்சி சேர நேரம் இருக்கும். கிளம்புவதற்கு முந்தின மாலையே விடுதிக்காரரிடம் சாலை நிலவரம் கேளுங்கள், அவர்களுக்கு அன்றன்று தெரியும்.

இந்தக் காட்டில் யானை குறுக்கிட்டால் ஹாரன் அடிக்காதீர்கள், ஃப்ளாஷ் போடாதீர்கள், எஞ்சினை அணைக்காதீர்கள். தூரத்திலேயே நின்று, அது முன்னேறி வந்தால் நேராகப் பின்னே போங்கள். அவசரமாகத் திருப்ப முயன்றால் வண்டி சாலைக்குக் குறுக்கே மாட்டிக்கொள்ளும். 2022 நவம்பரில் இதே வழியில் கபாலி என்று பெயர்பெற்ற கொம்பன் எதிரே வந்ததால், ஒரு பஸ்ஸை ஓட்டுநர் சுமார் 8 கி.மீ. பின்னோக்கியே ஓட்டினார். ஆகவே ரிவர்ஸ் ஓட்டத் தயங்குபவர் ஊரிலேயே காலி மைதானத்தில் பழகிவிட்டு வாருங்கள்.

இறக்கத்துக்கு ஒரே விதி: எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். எஞ்சின் இழுத்துப் பிடிக்கட்டும். பிரேக்கை வளைவுக்கு முன் அழுத்தமாக மிதித்து விட்டுவிட வேண்டும், மெல்ல மிதித்தபடியே இறங்கினால்தான் சூடேறும். நியூட்ரலில் உருட்டினால் பெட்ரோல் மிச்சம் என்பது தவறு. இன்றைய இன்ஜெக்ஷன் எஞ்சின்கள் கியரில் இறங்கும்போது எரிபொருளையே நிறுத்திவிடுகின்றன. நியூட்ரலில்தான் எஞ்சின் ஓட எரிபொருள் வேண்டும். எஞ்சினை அணைத்து உருட்டுவது இன்னும் மோசம், இரண்டு மூன்று மிதிக்குப் பின் பிரேக் கல்லாகிவிடும், ஸ்டியரிங்கும் கனத்துவிடும். கருகல் வாடை வந்தால் பாதுகாப்பான, வனத்துறை தடுக்காத இடத்தில் ஒதுக்கி, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து அரை மணி ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் கோணும். கிளம்பும்போது அந்தக் கல்லை எடுத்து ஓரத்தில் போடுங்கள், அடுத்த பைக்காரர் அதில் ஏறி விழுந்துவிடப் போகிறார்.

வாழச்சாலுக்கும் அதிரப்பள்ளிக்கும் இடையே மேலே பாருங்கள், இருவாச்சி பறக்கும். தென் மேற்குத் தொடர்ச்சி மலையின் நான்கு வகை இருவாச்சிகளும் இந்தப் பகுதியில் உண்டு. அதிரப்பள்ளி அருவி சுமார் 80 அடி. மேலிருந்து பார்த்துவிட்டுக் கீழே இறங்கி ஏற ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். திரும்பும் வழியில் திருச்சூர் கடந்ததும் குதிரான் இரட்டைச் சுரங்கம், பிறகு பாலக்காடு வரை நல்ல சாலை. ஃபாஸ்டேக்கில் பணம் இருக்கட்டும். கேரளாவில் பெட்ரோல் விலை கூடுதல் என்பதால் சாலக்குடியில் தேவைக்கு மட்டும் போட்டுக்கொண்டு, மீதியை வாளையாறு தாண்டி நிரப்பிக்கொள்ளுங்கள்.