ரீஃபர்பிஷ்ட் கேமரா வாங்கலாமா? – கடிதம்

அன்புள்ள சார்,

என் அப்பாவுக்கு 78 வயது. ஜன்னலோரம் உட்கார்ந்து அவர் பேப்பர் படிப்பதையும், பேத்தியோடு பேசிக்கொண்டிருப்பதையும் நல்ல படங்களாக எடுத்து வைக்க ஆசை. மொபைலில் எடுத்தால், சாயங்கால வெளிச்சத்தில் முகம் மெழுகு பூசியது போல வருகிறது. புதுக் கேமராவுக்குக் கையில் இருக்கும் பணம் போதாது. ரீஃபர்பிஷ்ட் என்று போட்டு ஒரு மிரர்லெஸ் கேமராவை (உள்ளே பிரதிபலிக்கும் கண்ணாடி இல்லாதது) பாதி விலைக்குக் கொஞ்சம் கூடுதலாக விற்கிறார்கள். "அடுத்தவன் தலைவலியை ஏன் காசு கொடுத்து வாங்குகிறாய்?" என்கிறான் நண்பன். வாங்கலாமா? எதைப் பார்த்து வாங்குவது?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தாராளமாக வாங்கலாம். ஆனால் கேமராவைப் பார்ப்பதற்கு முன்னால், விற்பவர் என்ன எழுதித் தருகிறார் என்று பாருங்கள்.

கம்பெனியே திரும்பி வந்த கேமராவைப் பிரித்து, தேய்ந்ததை மாற்றி, சோதித்து விற்றால் அதற்குப் பெயர் ரீஃபர்பிஷ்ட். யாரோ ஒருவர் துணியால் துடைத்து வேறு பெட்டியில் போட்டுத் தந்தாலும் அதே பெயர்தான். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி பளபளக்கும். வாரன்டி எத்தனை மாதம், அதைத் தருவது கம்பெனியா கடையா, எத்தனை நாளுக்குள் திருப்பலாம், திருப்பினால் பணமாகவே வருமா – இந்த நான்குக்கும் எழுத்தில் பதில் வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறைந்த வாரன்டி என்றால் நான் தொடமாட்டேன். திருப்பவே முடியாது என்றால் அது வெறும் செகண்ட் ஹேண்ட். செகண்ட் ஹேண்ட் விலைக்குத்தான் கேட்க வேண்டும்.

உங்கள் நண்பரின் பயத்தையும் நான் தள்ளிவிட மாட்டேன். பழுதாகித் திரும்பி வரும் கேமராக்கள் உண்டு. பெட்டியைப் பிரித்துவிட்டுப் பிடிக்காமல் திருப்பியவை, கடையில் காட்சிக்கு வைத்திருந்தவை என்று வேறு வகைகளும் உண்டு. பழுது பார்த்தது என்றாலே மட்டம் என்பதும் சரியில்லை. 2012-ல் வந்த நிக்கான் டி600 கேமராவை எடுத்துக்கொள்ளுங்கள். படத்தைப் பதிவு செய்யும் சென்சார் மேல் பொட்டுப் பொட்டாக அழுக்கு படிகிறது என்று பலரும் புகார் சொன்னார்கள். அடுத்த வருஷமே, சென்சாருக்கு முன்னால் திறந்து மூடும் ஷட்டரை மாற்றி டி610 என்ற மாடல் வந்தது. 2014-ல், வாரன்டி முடிந்த டி600-க்கும் இலவசமாக ஷட்டரை மாற்றித் தருவதாக கம்பெனி அறிவித்தது. அப்படி ஷட்டர் மாற்றிய பழைய டி600 ஒன்றும், பிரிக்காத புது டி600 ஒன்றும் என் முன்னால் இருந்திருந்தால் பழையதைத்தான் எடுத்திருப்பேன்.

ஷட்டர் கவுன்ட் என்று ஒன்றைச் சொல்லிப் பயமுறுத்துவார்கள். ஷட்டர் எத்தனை தடவை அடித்திருக்கிறது என்ற கணக்கு அது. ஆரம்ப நிலைக் கேமராக்களின் ஷட்டரைப் பொதுவாக 1 லட்சம் தடவைக்குச் சோதிக்கிறார்கள். நிக்கான் டி850 மாதிரியான உயர்நிலைக் கேமராக்களை 2 லட்சத்துக்கு. நீங்கள் தினம் 30 படம் எடுத்தாலும் வருஷத்துக்கு 11,000 தாண்டாது. ஏற்கெனவே 20,000 ஓடியிருந்தாலும் உங்களுக்கு ஏழு வருஷம் இருக்கிறது. மிரர்லெஸ்ஸில் எலக்ட்ரானிக் ஷட்டரில், அதாவது சென்சாரே திறந்து மூடும் வேலையைச் செய்யும்படி வைத்து எடுத்த படங்களுக்கு அந்த ஷட்டர் அசையவே அசையாது. அதனால் எண்ணைக் கேளுங்கள், ஆனால் அதை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

கேமரா கைக்கு வந்ததும் ஷெல்ஃபில் வைத்து அழகு பார்க்காதீர்கள். திருப்பித் தரும் நாட்கள் முழுக்க அதற்கு வேலை கொடுங்கள். மேகமில்லாத வானத்தை எஃப் 16-ல் (எஃப் எண் கூடக் கூட லென்ஸின் துவாரம் சின்னதாகும்), ஃபோகஸ் இல்லாமல் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். மங்கலாகச் சாம்பல் பொட்டு தெரிந்தால் சென்சார் மேல் தூசி. அதைச் சுத்தம் செய்துவிடலாம். சுத்தம் செய்தும் அதே இடத்தில் நின்றால் திருப்பிவிடுங்கள். லென்ஸ் மூடியைப் போட்டபடி 30 வினாடி ஒரு படம் எடுங்கள். கறுப்பில் நாலைந்து வெளிச்சப் புள்ளி இருந்தால் பரவாயில்லை, கோடு விழுந்தால் ஆகாது. அப்புறம் கேமராவைக் கவிழ்த்து அடிப்பக்கத் திருகுகளைப் பாருங்கள். திருகின் தலை சிதைந்திருந்தால், சரியான ஸ்க்ரூடிரைவர் இல்லாத ஒருவர் அதைத் திறந்திருக்கிறார் என்று அர்த்தம்.

லென்ஸ் விஷயத்தில் மட்டும் ரொம்பக் கண்டிப்பாக இருங்கள். பல வருஷத்துக்கு முன்னால் பழைய லென்ஸ் ஒன்று வாங்கினேன். முன்கண்ணாடி அவ்வளவு சுத்தம். ஆனால் வெளிச்சத்துக்கு எதிரே வைத்து எடுத்த படங்கள் எல்லாம் பால் ஊற்றியது போல வெளுத்து வந்தன. ஒருநாள் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, பின்பக்கமிருந்து டார்ச் அடித்து முன்பக்கம் வழியாகப் பார்த்தேன். உள்கண்ணாடியின் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, சிலந்தி இழை மாதிரி மெல்லிசாகப் பூஞ்சை கிளை விட்டிருந்தது. துடைக்கக் கொடுத்தேன். பூஞ்சை போய்விட்டது, அது அரித்த கோட்டிங், அதாவது கண்ணாடி மேல் இருந்த பூச்சு, திரும்பி வரவில்லை. திருப்பித் தரும் நாள் எப்போதோ முடிந்திருந்தது. அன்றிலிருந்து டார்ச் அடிக்காமல் ஒரு லென்ஸையும் நான் வாங்கியதில்லை.

பாடியில், அதாவது லென்ஸ் இல்லாத வெறும் கேமராவில், மிச்சமாகும் பணத்தை அப்படியே லென்ஸில் போடுங்கள். மொபைலின் சின்ன சென்சாருக்கு மங்கல் வெளிச்சம் போதாது. படத்தில் புள்ளி புள்ளியாக வரும் நாய்ஸை மென்பொருள் தேய்த்து எடுக்கும்போது தோலின் ரேகையும் சேர்ந்து போகிறது. மெழுகு மாதிரி தெரிவது அதனால்தான். கேமராவோடு வரும் சாதாரண கிட் லென்ஸை 50 மி.மீ.க்கு நீட்டினால் பெரும்பாலும் எஃப் 5.6 தான் கிடைக்கும். அதே 50 மி.மீ.யில் எஃப் 1.8 லென்ஸ் ஏறத்தாழ 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். உங்கள் வீட்டு சாயங்காலத்துக்கு அதுதான் தேவை. பாடி இரண்டு தலைமுறை பழைய மாடலாக இருந்தாலும் சரி, இந்த லென்ஸை விட்டுவிடாதீர்கள்.

ஆட்டோஃபோகஸைச் சோதிக்கத் தனியாக எதையும் தேட வேண்டாம். கேமரா வந்த அன்று சாயங்காலமே அப்பாவை ஜன்னலோரம் பேப்பரோடு உட்காரச் சொல்லுங்கள். எஃப் 1.8-ல், ஜன்னலுக்குப் பக்கத்தில் இருக்கும் கண்ணில் ஃபோகஸ் வைத்து இருபது படம் எடுங்கள். கம்ப்யூட்டரில் போட்டு முழு அளவுக்குப் பெரிதாக்கி, அவருடைய இமை மயிர் ஒவ்வொன்றாகத் தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் கேமராவை வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்.