கர்ல் லூப்பில் 403 வருவது பற்றி

நேபாளத்தின் அன்னபூர்ணா பகுதிக்கு ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத் திட்டத்தின் சர்வரிலிருந்து கர்ல் (கட்டளை வரியில் கோப்பு இறக்கும் நிரல்) லூப் போட்டு 17ஆம் ஜூம் வரை டைல் (வரைபடத்தின் சதுரத் துண்டு) இறக்கினால் பாதியில் 403, அதாவது அனுமதி மறுப்பு, வருகிறது, யூசர் ஏஜெண்டை (கேட்பது எந்த நிரல் என்று சர்வருக்குச் சொல்லும் பெயர்) பிரவுசர் போல மாற்றலாமா என்கிறீர்கள். வேண்டாம். நன்கொடையில் ஓடும் சர்வர் அது, மொத்தமாக இறக்குவதற்கு விதியிலேயே தடை இருக்கிறது, போலி ஏஜெண்டும் அதே கணக்கில்தான் வரும். போதாததற்கு ஒவ்வொரு ஜூமுக்கும் டைல்கள் நான்கு மடங்காகும்; 12இல் ஒரு டைல், 17இல் 1024.

அதற்குப் பதில் பிஎம்டைல்ஸ் (எல்லா டைல்களையும் ஒரே கோப்பில் வைக்கும் வடிவம்) கருவியை எடுங்கள். எக்ஸ்ட்ராக்ட் கட்டளைக்கு புரோட்டோமேப்ஸ் திட்டத்தின் உலக வரைபடக் கோப்பு முகவரியையும் பிபாக்ஸையும், அதாவது பகுதியின் எல்லைப் பெட்டியையும் (83.6,28.2,84.6,28.9 போதும், தீர்க்கரேகைதான் முதலில், இங்கேதான் பலர் மாற்றிப் போடுவார்கள்) கொடுத்தால் முழுக் கோப்பையும் இழுக்காமல் அந்தத் துண்டை மட்டும் தரும். ஜூம் 15 வரைதான், ஆனால் வெக்டர் (படமாக இல்லாமல் கோடு, புள்ளித் தரவாக இருப்பது) என்பதால் பெரிதாக்கினாலும் மங்காது.

அப்புறம் இன்னொரு சர்வரின் டைல்கள் மேல்கீழாக அடுக்கப்படுகின்றன என்றீர்களே, அது டிஎம்எஸ் முறையாக இருக்கும், ஒய் எண்ணை (டைலின் மேல்கீழ் வரிசை எண்) வழக்கம்போல வடக்கிலிருந்து இல்லாமல் தெற்கிலிருந்து எண்ணுவார்கள். 2இன் ஜூம் அடுக்கிலிருந்து 1ஐயும் ஒய்யையும் கழித்துப் போடுங்கள், சரியாகிவிடும். போனில் பார்க்க மட்டும்தான் என்றால் இதெல்லாம் எதற்கு, ஆஸ்மேண்ட் என்ற வரைபடச் செயலியில் நேபாள வரைபடத்தை இறக்கிக்கொள்ளுங்கள்.