ரேப்பிட் 25-இல் இருக்கட்டும்: சிஎன்சி டயல்கள் பற்றிக் கேள்வி பதில்

கெடா மாநிலத்துப் பாடாங் செராயில் எனக்கு ஒரு சின்னப் பட்டறை. செம்பனை ஆலைகளுக்கு ஷாஃப்ட், புஷ், ஸ்ப்ராக்கெட் செய்து கொடுப்பது பிழைப்பு. அதற்கு முன்னால் கூலிம் பக்கம் பல வருடம் சிஎன்சி, அதாவது கணினிக் கட்டளையில் ஓடும், மில்லிங் மெஷின் ஓட்டினேன். ஃபீட் (வெட்டும்போது நகரும் வேகம்), ரேப்பிட் (வெட்டாமல் பாயும் வேகம்) டயல்களைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றுக்கு இங்கே பதில்.

அண்ணே, எஸ்கேஎம் (மலேசியத் திறன் சான்றிதழ்) முடித்து வேலைக்குச் சேர்ந்து இரண்டு வாரம்தான். ஃபீட் டயல், ரேப்பிட் பட்டன் இரண்டும் வேகத்தைத்தானே மாற்றுகின்றன? எதற்கு இரண்டு?

தம்பி, புரோகிராமில் ஜி01, ஜி02, ஜி03 வரும் இடத்தில் டூல் வெட்டிக்கொண்டு போகிறது. அந்த வேகம் நீங்கள் எழுதிய எஃப் எண். எஃப்300 என்று எழுதி ஃபீட் டயலை 50-இல், அதாவது 50 சதவீதத்தில், வைத்தால் நிமிடத்துக்கு 150 மில்லிமீட்டர் போகும். ஜி00-க்கு எஃப் கிடையாது. மெஷின் தனக்குள் வைத்திருக்கும் உச்ச வேகத்தில் பாயும். ஃபானக் கண்ட்ரோலில் அது 1420-ஆம் பாராமீட்டர். அதைக் குறைக்கத்தான் எஃப்0, 25, 50, 100 என்ற பட்டன்கள்.

இரண்டு இடத்தில் ஏமாறுவார்கள். எஃப்0 என்றால் நின்றுவிடும் என்று நினைப்பார்கள். நிற்காது, 1421-இல் போட்டிருக்கும் மெதுவான வேகத்தில் நகரும். இன்னொன்று, ஃபீட் டயலைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தாலும் பல மெஷின்களில் ஜி00 நிற்காமல் ஓடும். சில மெஷின்களில் நிற்கும், கட்டிக் கொடுத்தவரைப் பொறுத்தது. உங்கள் மெஷின் எந்த ரகம் என்று டூலை மேலே தூக்கி வைத்து, எம்டிஐ-யில் (கட்டளையைக் கையால் தட்டி ஓட்டும் முறை) ஒரு ஜி00 கொடுத்து இன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

முதல் பீஸ் ஓட்டும்போது கை நடுங்குகிறது. நீங்கள் எப்படி ஓட்டுவீர்கள்?

எனக்கும் கொஞ்சம் நடுங்கும், நடுங்குவது நல்லதுதான்.

சிங்கிள் பிளாக் (ஒவ்வொரு வரியாக ஓடி நிற்பது) ஆன். ரேப்பிட் 25, மெஷின் புதிது என்றால் எஃப்0. ஃபீட் டயல் பூஜ்யத்தில். வலது கை சைக்கிள் ஸ்டார்ட்டில், இடது கட்டைவிரல் நகர்வை நிறுத்தும் ஃபீட் ஹோல்டில். ஸ்கிரீனில் 'டிஸ்டன்ஸ் டு கோ', அதாவது இன்னும் போக வேண்டிய தூரம் காட்டும் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். இது இல்லாமல் முதல் பீஸ் ஓட்டுவது கண்ணைக் கட்டிக்கொண்டு லோரி ஓட்டுவது மாதிரி.

இப்போது இசட் (மேல் கீழ் அச்சு) இறங்குகிறது. டூல் நுனிக்கும் பீஸுக்கும் நடுவே கண்ணுக்கு ஒரு 30 மில்லிமீட்டர் தெரிகிறது. ஸ்கிரீனோ இன்னும் 80 போக வேண்டும் என்கிறது. அந்த நொடியில் கட்டைவிரல் வேலை செய்ய வேண்டும். அநேகமாக டூலின் நீளத்தைச் சொல்லும் ஆஃப்செட்டில் வேறு டூலின் எண் இருக்கும், அல்லது புரோகிராமில் அந்த ஆஃப்செட்டைக் கூப்பிடும் எச் எண் மாறியிருக்கும்.

எல்லாம் சரியென்றால் இசட் 5-இல் வந்து நிற்கும். எனக்கு இன்னும் சந்தேகம் இருந்தால் ஸ்பிண்டிலை (டூலைச் சுற்றும் தண்டு) நிறுத்திவிட்டு 5 எம்எம் எல்-கீயை நடுவில் நுழைத்துப் பார்ப்பேன். உரசிக்கொண்டு போனால் ஆஃப்செட் சரி. அப்புறம் ஸ்பிண்டிலைச் சுற்றவிட்டு, ஃபீட் டயலை 10, 20 என்று திறக்க வேண்டியதுதான். டூல் இரும்பைத் தொட்டு வெட்ட ஆரம்பித்ததும் பயந்துகொண்டே 20-இல் வைத்திருக்காதீர்கள், உடனே மேலே ஏற்றுங்கள். காரணம் கீழே வருகிறது.

'25-இல் ஓட்டினால் நேரம் வீண், 100-இல் போடு' என்று பாஸ் ஏசுகிறார்.

பாஸ் சொல்வதில் பாதி சரி. உச்ச வேகம் நிமிடத்துக்கு 20 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 400 மில்லிமீட்டர் தாண்ட 100-இல் 1.2 விநாடி, 25-இல் 4.8 விநாடி. ஒரு பீஸில் அப்படிப் பத்துப் பாய்ச்சல் என்றால் வித்தியாசம் 36 விநாடி. ஒரு பீஸுக்கு அது ஒன்றுமே இல்லை. 200 பீஸ் ஆர்டருக்கு 2 மணி நேரம், அது காசு. முதல் பீஸ் 25, இரண்டாவது 50, அளவு சரியாக வந்தபின் 100. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள், ஏச மாட்டார்.

ஸ்கிரீனில் வரைந்து பார்த்தபோது கிளாம்பைத் தாண்டித்தான் போனது. ஓட்டினால் கிளாம்பிலேயே இடித்துவிட்டது. எப்படி?

ஜி00 நேர்கோட்டில் போகும் என்று நம்பியிருப்பீர்கள். பல மெஷின்களில் எக்ஸும் ஒய்யும் ஆளுக்கு ஆள் தன் முழு வேகத்தில் ஓடும். தூரம் குறைந்தது முதலில் நின்றுவிடும், மற்றது தனியாகத் தொடரும். எக்ஸ்0 ஒய்0-இலிருந்து எக்ஸ்300 ஒய்100-க்குப் போகச் சொன்னால், முதலில் குறுக்காக 100, 100 வரை போய், அங்கிருந்து எக்ஸில் மட்டும் போகும். நடுவில் மடங்கிய பாதை. வரைந்து காட்டும் சாஃப்ட்வேர் நேர்கோடு போட்டிருக்கும். ஃபானக்கில் இதை நேர்கோடாக மாற்ற பாராமீட்டர் உண்டு. ஆனால் நான் அதை நம்பி இருப்பதில்லை, இசட்டைக் கிளாம்புக்கு மேலே தூக்கிவிட்டுத்தான் எக்ஸ் ஒய் நகர்த்துவேன்.

இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. முன்பு வேலை செய்த ஓர் இடத்தில் இரவு ஷிப்ட்காரர் ரேப்பிட்டை 100-இல் விட்டுப் போயிருந்தார். நான் காலையில் வந்து கிளாம்பை இடம் மாற்றிக் கட்டினேன், டயலைப் பார்க்காமல் ஸ்டார்ட் அழுத்தினேன். 63 எம்எம் ஃபேஸ் மில், கிளாம்பின் தலையில் மோதிய சத்தம் கேன்டீன் வரைக்கும் கேட்டதாம். இன்சர்ட் (வெட்டும் பற்கள்) எல்லாம் பொடி. கிளாம்பு போல்ட் வில்லாக வளைந்திருந்தது. அன்றிலிருந்து மெஷின் முன்னால் நின்றதும் என் கை முதலில் போவது ரேப்பிட் பட்டனுக்கு.

டூல் உடையாமல் இருக்க எப்போதும் ஃபீட் 30-இலேயே ஓட்டுகிறேன். ஆனால் எண்ட் மில் சீக்கிரம் மழுங்குகிறது. டூல் மட்டமா?

டூல் பாவம். என் அம்மா பால்மரம் சீவியவர். கத்தி பட்டையில் ஒரு சீவல் எடுக்க வேண்டும். பயந்து தடவினால் பால் வராது, பட்டைதான் பாழ். ஆழமாகப் போனால் மரத்தில் காயம். எண்ட் மில்லும் அப்படித்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 எம்எம், நான்கு பல் கார்பைட், மைல்டு ஸ்டீல், வெட்டு வேகம் நிமிடத்துக்கு 100 மீட்டர் என்றால் சுமார் 3200 சுற்று. ஒரு பல்லுக்கு 0.05 மில்லிமீட்டர் எடுத்தால் 3200 × 4 × 0.05, அதாவது நிமிடத்துக்கு 640 மில்லிமீட்டர். டயலை 30-இல் வைத்தால் 192. சுற்று குறையவில்லை, அதனால் ஒரு பல்லுக்குக் கிடைப்பது வெறும் 0.015. அந்தப் பல் வெட்டவில்லை, தேய்க்கிறது. தேய்த்தால் சூடு, சூட்டில் முனை போய்விடும். 304 ஸ்டெயின்லெஸ் என்றால் தேய்த்த இடமே இறுகிப்போய், அடுத்த பல்லுக்கு இன்னும் கஷ்டம்.

கிறீச்சென்று அதிர்ந்தாலும் ஃபீட்டைக் குறைப்பதுதான் எல்லோருக்கும் பழக்கம். முதலில் ஸ்பிண்டில் டயலைக் குறைத்துப் பாருங்கள், பல சமயம் அதிலேயே அடங்கிவிடும். நாள் முழுக்க ஃபீட் 60-இல்தான் ஓடுகிறது என்றால் புரோகிராமில் இருக்கும் எஃப் தப்பு. அதைத் திருத்தி எழுதிவிட்டு டயலை 100-க்குக் கொண்டுவாருங்கள். இல்லாவிட்டால் அடுத்த ஷிப்ட்காரர் 100-இல் போட்டு உடைப்பார், பழி உங்களுக்கு.

டேப் போடும்போது (துளைக்குள் மரை வெட்டும்போது) டயலைத் திருகினேன், வேகம் மாறவே இல்லை. டயல் பழுதா?

பழுது இல்லை. ஜி84 டேப்பிங்கிலும், லேத்தில் ஜி76 மரை வெட்டும்போதும் கண்ட்ரோலே ஃபீட்டை 100-இல் பிடித்துக்கொள்ளும். சுற்றும் நகர்வும் ஒன்றுக்கொன்று பிசகினால் மரை போய்விடும். டேப் உள்ளே இருக்கும்போது ஃபீட் ஹோல்ட் அழுத்தினாலும் வெளியே வந்த பிறகுதான் நிற்கும். சோதிக்க வேண்டுமென்றால் இசட் ஆஃப்செட்டை உயர்த்தி, காற்றில் ஒரு தடவை ஓட்டுங்கள்.

அண்ணே, லேத்தில் ஸ்பிண்டில் டயலைக் குறைத்தால் ஃபீட்டும் சேர்ந்து குறைகிறது. நான் ஃபீட்டைத் தொடவே இல்லை.

தங்கச்சி, உங்கள் புரோகிராம் ஒரு சுற்றுக்கு இத்தனை மில்லிமீட்டர் என்ற கணக்கில் ஓடுகிறது. 0.2, 1000 சுற்று என்றால் நிமிடத்துக்கு 200. ஸ்பிண்டிலை 80-க்குக் குறைத்தால் 160. ஒரு சுற்றுக்கு 0.2 அப்படியே இருக்கிறது, அதனால் பயமில்லை. ஜி96 (வெட்டு வேகம் மாறாதபடி சுற்றைத் தானே மாற்றும் கட்டளை) போட்டு முகம் சீவும்போதுதான் கவனம் வேண்டும். நடுவை நெருங்க நெருங்கச் சுற்று ஏறும், கூடவே நகர்வும் ஏறும். ஜி50-இல் உச்சச் சுற்றுக்கு வரம்பு போட்டீர்களா என்று பாருங்கள்.

வீட்டில் ஜிஆர்பிஎல் (சின்ன மெஷின்களுக்கான கண்ட்ரோல் சாஃப்ட்வேர்) ரௌட்டர் வைத்துப் பெயர்ப்பலகை செய்கிறேன். பாதியில் எழுத்து 3 மில்லிமீட்டர் தள்ளிப் போய்விடுகிறது.

ஸ்டெப்பர் மோட்டார் அடி தவறுகிறது. எங்கே நிற்கிறோம் என்று அதற்குத் தெரியாது, தவறினாலும் தெரியாமலே தொடரும். முதலில் கப்ளிங் ஸ்க்ரூவை இறுக்கிப் பாருங்கள். அப்புறம் ரேப்பிட்டை 25-இல் வைத்து அதே பலகையை ஓட்டுங்கள். ஜிஆர்பிஎல் 1.1 பதிப்பில் 100, 50, 25 மூன்றும் உண்டு. தள்ளுவது நின்றுவிட்டால் குற்றவாளி ரேப்பிட் வேகம். டாலர் 110, 111 ($110, $111) செட்டிங்குகளில் இருக்கும் எண்களைக் குறையுங்கள். நிற்கவில்லை என்றால் முடுக்கம், அதாவது டாலர் 120, 121.

பையன்கள் கண்டபடி டயலைத் திருகுகிறார்கள். பூட்டி வைக்க முடியுமா?

முடியும். பல மெஷின்களில் எம்49 போட்டால் டயல் செத்துவிடும், எம்48 போட்டால் உயிர் வரும். ஹாஸ் மெஷினில் 19, 20, 21-ஆம் செட்டிங்குகள் முறையே ஃபீட், ஸ்பிண்டில், ரேப்பிட்டைப் பூட்டும். ஆனால் நான் பூட்ட மாட்டேன். ஏதோ தப்பாகப் போகிறது என்று உணர்ந்ததும் பையனின் கை முதலில் அந்த டயலைத்தான் தேடும்.

ஹாஸில் ரேப்பிட் 100 என்று காட்டுகிறது, ஆனால் பாதி வேகத்தில்தான் போகிறது. போர்டு மாற்ற வேண்டும் என்கிறார்கள்.

10-ஆம் செட்டிங்கைப் பாருங்கள். அது ஆன் ஆக இருந்தால் ரேப்பிட் 50-க்கு மேல் போகாது. யாரோ புதுப் பையனுக்காகப் போட்டு மறந்திருப்பார்கள். அதை ஆஃப் செய்து ஓட்டிப் பார்க்கும் வரை போர்டுக்கு ஒரு வெள்ளி கொடுக்காதீர்கள்.